மெமரி இல்லாத சின்தில் ஒலியைக் குறித்துவைப்பதும் திரும்பப் பிடிப்பதும்

மினிமூக், ஏஆர்பி ஒடிஸி, கோர்க் எம்எஸ்-20, ரோலண்ட் எஸ்எச்-101, பின்னால் வந்த மைக்ரோப்ரூட், மதர்-32 என்று எந்தச் சின்தசைசரை (மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் கருவி) எடுத்தாலும் ஒலியைச் சேமிக்க ஒரு பட்டன் கிடையாது. சிலவற்றில் சீக்வென்ஸைச் சேமிக்கலாம். அதாவது எந்தச் சுரம் எப்போது வரும் என்பது கருவிக்கு நினைவிருக்கும், அது எப்படி ஒலித்தது என்பது இருக்காது. கட்டாஃப் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஃபில்டர் ஒலியை மழுக்கும் என்ற எல்லை) நாப்பைத் திருப்பிய நொடியே பழைய ஒலி போய்விடும்.

எல்லோரும் முதலில் செய்வது போனில் ஒரு படம் எடுத்து வைப்பது. பதினைந்து நாள் கழித்துப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு நாப்பாகத் திருப்பி வைத்தால் வருவது அண்ணன் தம்பி ஜாடை. அதே ஆள் இல்லை. படத்தில் விழுந்தது நாப் நின்ற கோணம். நமக்கு வேண்டியதோ அந்தக் கோணத்தால் உண்டான அதிர்வெண், நேரம், அளவு. இவை மூன்றையும் அளந்து எழுதிவைக்க முடியும், அதற்கு ஒரு ட்யூனரும் ஒரு ரெக்கார்டிங் மென்பொருளும் போதும். கோணத்தை வைத்துக்கொண்டு ஊர் வரை போகலாம். வீட்டைக் கண்டுபிடிக்க எண்கள் வேண்டும்.

கோணம் எங்கே காலை வாருகிறது

சாதாரண நாப் ஒன்று இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை சுமார் 300 டிகிரி சுற்றும். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் ஏழு மணியிலிருந்து ஐந்து மணி வரை, மொத்தம் பத்து மணி நேரம். ஒரு மணிக்கு 30 டிகிரி, முழு அளவில் பத்து சதவீதம். பேனலில் 0 முதல் 10 வரை அச்சிட்டிருந்தால் பன்னிரண்டு மணி என்பது 5. இந்த மணிக் கணக்கு நமக்கு வாகானது, ஏனென்றால் கால், அரை, முக்கால் நம் வாயில் தானாக வரும். 'பத்தேகால்', 'ஒன்றரை', 'மூணேமுக்கால்' என்று எழுதினால் கால் மணித் துல்லியம் கிடைத்துவிடுகிறது. அதாவது ஏழரை டிகிரி. கண்ணால் அதற்கு மேல் நுணுக்கமாகப் படிப்பது கஷ்டம்.

மிக்சர் லெவலுக்கும், ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கி அசைக்கும் எல்எஃப்ஓவின் அளவுக்கும் இந்தத் துல்லியம் ஏராளம். கட்டாஃபுக்கு மட்டும் போதவே போதாது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பத்து ஸ்தாயி. அந்தப் பத்து ஸ்தாயியையும் ஒரே நாப்பின் 300 டிகிரிக்குள் அடைத்திருந்தால் ஒரு மணிக்கு ஒரு ஸ்தாயி. கால் மணி பிசகினால் மூன்று அரைச்சுரம் பிசகும். ஒரு பேஸ் ஒலியில் ஃபில்டர் மூன்று அரைச்சுரம் ஏறி நின்றால் 'கொஞ்சம் பளிச்சென்று இருக்கே, ஏதோ குறையுதே' என்று யாருக்கும் தோன்றும். என்ன என்று மட்டும் சொல்லத் தெரியாது.

அடுத்தது என்வலப் நேரங்கள், அதாவது கீயை அழுத்தியதும் ஒலி எழ எடுக்கும் நேரம் (அட்டாக்), உச்சத்திலிருந்து இறங்க எடுக்கும் நேரம் (டிகே) போன்றவை. நாப்புக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (மாறும் மின்தடை) மொத்த மதிப்பு 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சகஜம். கட்டாஃப் மாதிரி மின்னழுத்தத்தைப் பங்கிடும் இடத்தில் அது பெரிதாகப் பாதிக்காது, இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் மாறுவதால். பல அனலாக் என்வலப்களில் அதே பாகம் வெறும் மின்தடையாக நின்று கெபாசிட்டரை நிரப்புகிறது. அங்கே 20 சதவீதம் அப்படியே நேரத்தில் வந்து உட்காரும். அதனால்தான் இன்னொருவருடைய அதே மாடல் கருவியின் நாப் நிலைகளைக் குறித்த சார்ட்டை வைத்து உங்கள் கருவியில் ஒலி அமைத்தால் அட்டாக்கும் டிகேயும் ஒட்டாமல் போகின்றன. ஒரே மாடலில் இரண்டு கருவி வைத்திருந்தால் தாளில் சீரியல் நம்பரையும் எழுதுங்கள்.

மூன்றாவது சூடு. அடிப்படை ஒலியை உண்டாக்கும் அனலாக் ஆசிலேட்டரிலும் அதைச் செதுக்கும் ஃபில்டரிலும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் ட்ரான்சிஸ்டர் ஜோடி வெப்பநிலைக்கு அசையும். ஈடு செய்யாவிட்டால் ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.33 சதவீதம். அதை ஈடுகட்டத்தான் டிகிரிக்கு 3300 பிபிஎம் (அதே 0.33 சதவீதம்) மாறும் தனி ரெசிஸ்டரை உள்ளே வைக்கிறார்கள், ஆனாலும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். ஆன் செய்து இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் குறிக்கவும் வேண்டும், திரும்பப் பிடிக்கவும் வேண்டும். குளிர்ந்த கருவியில் பிடித்த ஒலி அரை மணி கழித்து நகர்ந்திருக்கும், நாப்பை யாரும் தொடாமலேயே.

படம் எடுப்பதென்றால்

படத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒழுங்காக எடுத்தால் முக்கால் வேலை முடிந்துவிடும்.

நாப்பின் தலையிலுள்ள கோடு பேனலிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி சாய்வாகப் பார்த்தால் அந்தக் கோடு பேனல் எண்களின் மேல் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் தள்ளித் தெரியும். 4 என்று இருப்பது 5 ஆகிவிடும். கேமரா பேனலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், தரைக்கு அல்ல. மினிமூக் போல பேனலைத் தூக்கி நிறுத்தும் கருவிகளில் போனையும் அதே சாய்வில் பிடிக்க வேண்டும். திரையில் பேனலின் நான்கு விளிம்பும் திரை விளிம்புக்கு இணையாக ஓடினால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்து நாப்கள் சாயும். முக்கால் மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்வது நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டு விளக்கு போதும். கறுப்பு நாப்பில் கோடு தேய்ந்திருந்தால் முதலில் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் அதைப் புதுப்பியுங்கள்.

எஸ்எச்-101, ஒடிஸி மாதிரி ஸ்லைடர் கருவிகளில் படத்தைவிட ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் மேல். கீழ்முனையிலிருந்து மில்லிமீட்டரில் அளந்து எழுதினால் வேலை முடிந்தது.

படத்துக்கு முன் ஒரு சோதனை. எல்லா நாப்பையும் ஒருமுறை இடக்கோடிக்கும், பிறகு வலக்கோடிக்கும் திருப்பி இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஒலி எதுவும் அமைக்காத நாளில் செய்ய வேண்டிய வேலை இது. நாப் தொப்பி தண்டின் மேல் வழுக்கித் திரும்பியிருந்தால் ஏழு மணிக்கு நிற்க வேண்டியது ஏழேமுக்காலில் நிற்கும், அதன் பிறகு எல்லாக் குறிப்பும் ஒரே பக்கமாகத் தப்பும். திருகு உள்ள தொப்பி என்றால் இறுக்கலாம், அழுத்திச் செருகும் வகை என்றால் கழற்றிச் சரியாக மாட்டலாம். அந்த இரண்டு படமும் கருவியின் ஜாதகம், பத்திரமாக இருக்கட்டும்.

இன்னொன்று: படம் மட்டுமல்லாமல் ஒரு நிமிட வீடியோவும் எடுங்கள். ஒரு கையால் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாகப் பேனல் மேல் கேமராவை நகர்த்தியபடி ஒவ்வொரு மதிப்பையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லும்போதுதான் 'இந்த ஸ்விட்ச் நடுவில் நிற்கிறதா, மேலேயா' என்பது கண்ணில் படும்.

பேனலில் தெரியாத விஷயங்கள்

மினிமூக்கில் அடிக்கடி விட்டுப்போகிறவை கிளைட் (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது) ஸ்விட்சும் டிகே ஸ்விட்சும். இவை நாப்கள் இருக்கும் மேல் பேனலில் இல்லை, கீழே இடது பக்கம் வீல்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. படத்தின் சட்டத்துக்குள் வராது. டிகே ஸ்விட்ச் அணைந்திருந்தால் கீயை விட்டதும் ஒலி பட்டென்று வெட்டுப்படும், போட்டிருந்தால் டிகே நேரம் எடுத்துக்கொண்டு அடங்கும். ஒரே நாப் நிலையில் இரண்டு வேறு ஒலிகள். ஹெட்ஃபோன் வெளியீட்டை வெளி உள்ளீட்டில் திருப்பிச் செருகி ஒலியைத் தடிக்கவைக்கும் பழைய உத்தி இருக்கிறதே, அந்தக் கேபிளும் பேனல் படத்தில் மாட்டாது.

எழுத வேண்டிய மற்றவை: மாட்யுலேஷன் வீல் எங்கே நின்றது, ஆக்டேவ் ஸ்விட்ச், மாஸ்டர் ட்யூன், பின்பக்க நாப்கள், பெடல், எந்த உள்ளீட்டில் எவ்வளவு கெயின். நோட் முன்னுரிமையும் ஒலியின் பகுதிதான். மினிமூக்கில் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் கீழ்ச்சுரம்தான் ஒலிக்கும். முதல் கீயை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் மறுபடி தொடங்காது. அதே வரியைக் கணினியிலிருந்து ஒவ்வொரு சுரமாக வெட்டி அனுப்பினால் ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்கும், 'நாப்பெல்லாம் சரி, ஒலி மட்டும் தப்பு' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சில புதிய கருவிகளில் இந்த முன்னுரிமை கணினி மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும். அந்தத் திரையையும் ஒரு படம் எடுத்துவிட வேண்டியதுதான்.

கட்டாஃபை ட்யூனரால் அளப்பது

இது ஒன்றைப் பழகிக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. ரெசொனன்ஸை (கட்டாஃப் இருக்கும் இடத்தில் ஒலியைத் தூக்கிக்காட்டும் நாப்) முழுக்க ஏற்றினால் மினிமூக்கில் உள்ளது போன்ற லேடர் வகை ஃபில்டர்களில் பெரும்பாலானவை தாமாகவே விசிலடிக்கும். அந்த விசிலின் சுருதிதான் கட்டாஃப் நிற்கும் இடம். ட்யூனரை அதன் முன் வைத்தால் நாப் கோணத்தில் கிடைக்காத துல்லியம் சென்ட் (அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு) கணக்கில் கிடைக்கும்.

முதலில் படத்தை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் இனி சில நாப்களைக் கலைக்கப் போகிறோம். கட்டாஃப் நாப்பை மட்டும் தொடவே கூடாது. ஆசிலேட்டர்களை மிக்சரில் நிறுத்துங்கள். மினிமூக்கில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஸ்விட்ச் இருப்பதால் லெவல் கலையாது. இல்லாத கருவியில் லெவலை எழுதிக்கொண்டு இறக்க வேண்டும். ஃபில்டருக்குப் போகும் என்வலப் அளவைப் பூஜ்யமாக்குங்கள். எல்எஃப்ஓ எதுவும் ஃபில்டரை அசைக்கக் கூடாது. ரெசொனன்ஸை ஏற்றி ஒரு கீயைப் பிடித்தபடி ட்யூனரைப் படியுங்கள். ஒலி கேட்கவில்லை என்றால் சத்தத்தை நடத்தும் ஆம்ப் என்வலப்பின் சஸ்டெயின் (கீயைப் பிடித்திருக்கும் வரை நிற்கும் அளவு) பூஜ்யத்தில் இருக்கும், அதையும் ஏற்றுங்கள். கீபோர்டு ட்ராக்கிங் (மேல் கீக்குப் போகப்போக ஃபில்டரும் மேலே ஏறுவது) போட்டிருந்தால் எந்தக் கீயைப் பிடித்தீர்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். எப்போதும் நடு சி என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

உதாரணமாக ட்யூனர் 185 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. இது தரை. இப்போது என்வலப் அளவை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஃபில்டர் என்வலப்பின் சஸ்டெயினை முழுக்க ஏற்றி, கீயைப் பிடித்தே இருங்கள். விசில் மேலே ஏறிப்போய் ஓரிடத்தில் நிற்கும். அது 1480 ஹெர்ட்ஸ் என்றால் என்வலப் ஃபில்டரை எட்டு மடங்கு, அதாவது சரியாக மூன்று ஸ்தாயி தூக்குகிறது. இது கூரை. தரை, கூரை என்ற இரண்டு எண் இருந்தால் கட்டாஃப் நாப்பும் என்வலப் அளவு நாப்பும் எங்கே நின்றன என்பதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நாப் தொப்பி வழுக்கினாலும், பொட்டென்ஷியோமீட்டரையே மாற்றினாலும் இந்த இரண்டு எண்களும் செல்லும்.

ரெசொனன்ஸை எப்படிக் குறிப்பது? பேனல் எண்ணைவிட விசில் தொடங்கும் புள்ளி நம்பகமானது. கீழிருந்து மெல்ல ஏற்றி, விசில் எங்கே துளிர்க்கிறது என்று பாருங்கள். 'விசிலுக்கு ஒன்றரை மணி கீழே' என்று எழுதினால் உள்ளே ட்ரிம்மர் சற்று நகர்ந்திருந்தாலும் அந்தத் தூரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

சில ஃபில்டர்களில் ரெசொனன்ஸை ஏற்றும்போதே கட்டாஃப் கொஞ்சம் நகரும். அதனால் இந்த அளவீட்டின் உண்மையான பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது: குறிக்கும்போதும் பிடிக்கும்போதும் ரெசொனன்ஸ் முழுக்க வலக்கோடியில் இருந்தால் நகர்வு இரண்டு பக்கமும் ஒன்றே, பிசகு வராது. விசிலே அடிக்காத ஃபில்டர் உள்ள கருவிகளில் இந்த வழி இல்லை. அங்கே நாய்ஸை ('உஸ்' என்ற இரைச்சல்) மட்டும் ஃபில்டர் வழியே விட்டுப் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் எந்த இடத்தில் சரிவு தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். துல்லியம் குறைவுதான், ஆனால் கோணத்துக்கு இது தேவலை.

மீதி எண்கள்

எல்எஃப்ஓ வேகத்துக்குப் பத்து அலையை எண்ணுங்கள். பத்து அலைக்கு 4.2 நொடி ஆனால் வேகம் 2.38 ஹெர்ட்ஸ். ஒரே ஒரு அலையை அளந்தால் கை நடுக்கம் முழுக்க அதில் ஏறிவிடும்.

இரண்டு ஆசிலேட்டரைச் சற்றே பிரித்துவைத்த அளவைச் சொல்ல விம்மலைப் போல நல்ல கருவி இல்லை. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் ஒலி ஏறி இறங்குமே, அதை எண்ண வேண்டும். 440 ஹெர்ட்ஸில் ஒரு சென்ட் என்பது கிட்டத்தட்ட 0.25 ஹெர்ட்ஸ். மூன்று சென்ட் பிரிந்திருந்தால் பத்து நொடிக்கு ஏழு அல்லது எட்டு விம்மல். ஒரு ஸ்தாயி மேலே போனால் இது இரட்டிப்பாகும், கீழே வந்தால் பாதியாகும். ஆகவே 'பத்து நொடியில் ஏழு' என்று எழுதினால் மட்டும் போதாது, எந்தச் சுரத்தில் எண்ணினீர்கள் என்பது பக்கத்தில் இருக்க வேண்டும். டீட்யூன் நாப் எத்தனை மணியில் நின்றது என்ற குறிப்பு இதன் முன் பயனற்றது, ஏனென்றால் ஆசிலேட்டரின் அன்றைய நகர்வும் அதில் கலந்திருக்கும்.

பல்ஸ் அகலத்தில் (சதுர அலை ஒரு சுற்றில் மேலே நிற்கும் பங்கு) ஒரே ஒரு உறுதியான இடம் இருக்கிறது: சரிபாதி. அங்கே இரட்டைப்படை மேற்சுரங்கள் இல்லாமல் போகும், ஒலி குழல் மாதிரி உள்ளீடற்று நிற்கும். நாப்பை மெதுவாகத் திருப்பி ஒரு ஸ்தாயி மேலேயுள்ள சுரம் கரைந்துபோகும் இடத்தைக் காதால் பிடித்து, அங்கிருந்து எவ்வளவு தள்ளி என்று எழுதலாம். பதிவு செய்த அலையைப் பெரிதாக்கிப் பார்த்து மேலே நிற்கும் நேரத்துக்கும் முழுச் சுற்றுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் இன்னும் நல்லது.

அட்டாக், டிகே இரண்டையும் ரெக்கார்டிங் மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்து மில்லிசெகண்டில் எடுங்கள். டிகே வளைவு கடைசியில் இழுத்துக்கொண்டே போகும் என்பதால் 'எப்போது முடிந்தது' என்று தேடாமல், உச்சத்திலிருந்து பாதி உயரத்துக்கு வர எடுத்த நேரத்தை எழுதுவது ஒவ்வொரு முறையும் ஒரே விடை தரும். ஒரு எச்சரிக்கை: அலைவடிவத்தில் தெரிவது ஆம்ப் என்வலப். ஃபில்டர் என்வலப்பை அளக்க அதே விசில் முறையில் ரெக்கார்டு செய்து சுருதி இறங்கும் நேரத்தைப் பாருங்கள்.

கேபிள்கள்

எம்எஸ்-20, மதர்-32 போன்ற செமி மாடுலர் (உள்ளே இணைத்தே வந்தாலும் கேபிளால் மாற்றி இணைக்கக் கூடிய) கருவிகளிலும் முழு மாடுலரிலும் கேபிள் பட்டியல் தனி. படத்தில் கேபிள்கள் நாப்களை மறைக்கும், ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எது எங்கே போகிறது என்பதே தெரியாது. எழுதுங்கள். எழுதும்போது உள்ளீடுகளை வைத்து வரிசைப்படுத்துங்கள்: ஒரு வெளியீடு பிரிந்து நாலு இடத்துக்குப் போகலாம், ஓர் உள்ளீட்டில் செருகுவது ஒரே கேபிள். இடமிருந்து வலமாக ஒவ்வொரு உள்ளீடாகப் போய் 'எங்கிருந்து வருகிறது' என்று கேட்டுக்கொண்டே போனால் எதுவும் விட்டுப்போகாது.

செமி மாடுலரில் கேபிள் செருகாத இடமும் ஒரு தகவல்தான். உள்ளேயே இணைத்திருக்கும் பாதை, ஜாக்கில் எதையாவது செருகியதும் அறுந்துவிடும். மறுமுனை எதிலும் போகாமல் தொங்கும் கேபிள்கூட ஒலியை மாற்றும். அதைச் 'சும்மா தொங்குது' என்று கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

1969இல் வந்த இஎம்எஸ் விசிஎஸ்3-இல் கேபிளே இல்லை. 16க்கு 16 துளைப் பலகையில் ஊசி செருக வேண்டும், சதுரங்கக் கட்டம் மாதிரி எழுதிவிடலாம். ஆனால் ஊசிகளுக்குள் ரெசிஸ்டர் உண்டு, நிறத்துக்கு நிறம் மதிப்பு வேறு. எந்தத் துளை என்பதோடு எந்த நிற ஊசி என்பதும் வேண்டும்.

நிரப்பிய தாள் ஒன்று

மினிமூக் வகைக் கருவியில் ஒரு பேஸ் ஒலிக்கான தாள் இப்படி இருக்கும்:

பெயர்: தடி பேஸ் 3. சூடேறிய நேரம் 30 நிமிடம்.
ஆசிலேட்டர் 1: 32 அடி (கீழ் ஸ்தாயி நிலை), சா (ரம்பப்பல்) அலை.
ஆசிலேட்டர் 2: 32 அடி, சா. நடு ஏ கீயில் பத்து நொடிக்கு 7 விம்மல், 1ஐவிட மேலே.
ஆசிலேட்டர் 3: அணைத்தது. கீபோர்டு கட்டுப்பாடு ஆன்.
மிக்சர்: 1 ஏழு, 2 ஆறு, நாய்ஸ் இல்லை, வெளி உள்ளீடு இல்லை.
ஃபில்டர்: தரை 185, கூரை 1480. ட்ராக்கிங் இரண்டு ஸ்விட்சும் ஆஃப். ரெசொனன்ஸ் விசிலுக்கு மூணு மணி கீழே.
ஃபில்டர் என்வலப்: அட்டாக் இடக்கோடி, பாதிக்கு இறங்க 110 மில்லிசெகண்ட், சஸ்டெயின் 3.
ஆம்ப் என்வலப்: அட்டாக் இடக்கோடி, சஸ்டெயின் 10.
கிளைட் ஆஃப். டிகே ஸ்விட்ச் ஆஃப். வீல் கீழே.
வாசிப்பு: கீழ் இரண்டு ஸ்தாயி, சுரங்கள் ஒட்டாமல்.

நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். 'ஆசிலேட்டர் 1ஐவிட மேலே' என்ற சின்னக் குறிப்பைக் கவனியுங்கள். விம்மலின் எண்ணிக்கை எந்தப் பக்கம் பிரிந்தது என்பதைச் சொல்லாது.

மிக்சர் எண்களும் அலட்சியமாக எழுதக் கூடியவை அல்ல. இந்தக் கருவியில் லெவல் நடுவைத் தாண்டினால் ஃபில்டர் திணறிக் கரகரக்கத் தொடங்கும். அந்தக் கரகரப்பைத்தான் பலர் 'தடிப்பு' என்கிறார்கள். லெவலைக் குறைத்து வெளியே சத்தத்தை ஏற்றினால் அது வராது.

குறிப்பு ஒலிப்பதிவு

தாளோடு ஒரு நாற்பது நொடி ஒலிப்பதிவும் சேரட்டும். எஃபெக்ட் எதுவும் இல்லாமல், நேராக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கீழ், நடு, மேல் ஸ்தாயியில் ஒரே சுரம், ஒவ்வொன்றும் நாலு நொடி. பிறகு நடுச்சுரத்தை நாலு முறை தட்டிவிடுதல், ஒட்டி வாசித்த இரண்டு சுரம், பாட்டில் வரும் உண்மையான வரி. கடைசியில் தரை விசில், கூரை விசில், தலா மூன்று நொடி. இந்தக் கடைசி ஆறு நொடி இருந்தால் தாள் தொலைந்தாலும் எண்களைத் திரும்ப எடுத்துவிடலாம்.

ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் காதை நம்ப வேண்டும். ஒரு டெசிபல் அதிகமாக இருப்பது எப்போதும் கொஞ்சம் பளபளப்பாகத் தோன்றும். உடனே கை கட்டாஃபுக்குப் போகும், தப்பு அங்கே இருக்காது. ஒன்றைத் தலைகீழாக்கி மற்றொன்றோடு கூட்டி மௌனம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் இங்கே வேலைக்காகாது. ஆசிலேட்டர்கள் எந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன என்பது ஒவ்வொரு தட்டலுக்கும் வேறு. ஒரே கருவியின் ஒரே ஒலியில் அடுத்தடுத்த இரண்டு தட்டல்கூட ஒன்றையொன்று அழிக்காது. நாலு முறை தட்டச் சொன்னது இதற்குத்தான்: அந்த நாலுக்குள் இருக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு நெருங்கினால் போதும், அதற்கு மேல் மெனக்கெடுவது வீண்.

திரும்பப் பிடிக்கும் வரிசை

சூடேறட்டும். எல்லாவற்றையும் ஒரு நிலையான பூஜ்ய நிலைக்குக் கொண்டுவாருங்கள்: ஒரு ஆசிலேட்டர் மட்டும், கட்டாஃப் முழுக்கத் திறந்து, ரெசொனன்ஸ் இல்லை, மாட்யுலேஷன் இல்லை. முந்தைய ஒலியின் மேலேயே புதியதைக் கட்டத் தொடங்கினால் எங்கோ ஒரு எல்எஃப்ஓ அரைப் புள்ளி திறந்தபடி மறைந்திருக்கும்.

பிறகு ஸ்விட்சுகள், ஆக்டேவ், அலைவடிவம். அடுத்துச் சுருதி: முதல் ஆசிலேட்டரை ட்யூனரில் சேர்த்து, மற்றவற்றை அதனோடு விம்மல் நிற்கும் வரை சேர்த்து, அதற்கப்புறம்தான் எழுதிவைத்த விம்மலுக்குப் பிரிப்பது. பிறகு மிக்சர். மிக்சரை நிறுத்திவிட்டு விசில் முறையில் தரை, கூரை. ரெசொனன்ஸை அதன் இடத்துக்கு இறக்குங்கள். என்வலப்கள், கடைசியில் எல்எஃப்ஓ, வீல். இதையெல்லாம் முடித்த பிறகு குறிப்பு ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், அதற்கு முன் வேண்டாம். பாதியில் கேட்டால் ஃபில்டரால் தீர்க்க வேண்டியதை ஆசிலேட்டரால் தீர்க்கப் பார்ப்பீர்கள்.

மேடையில்

அடுத்த பாட்டுக்கு இருபது நொடி இருக்கும்போது இந்தத் தாளெல்லாம் உதவாது. அங்கே வழி வேறு: ஒலிகளை ஒரே குடும்பமாக அமைப்பது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நாலு நாப்புக்கு மேல் திருப்பக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அந்த நாலும் கோடியிலோ நடுவிலோ நிற்கும்படி ஒலியை வளைத்துவிடலாம். இருட்டில் விரலுக்குத் தெரிவது இடக்கோடி, வலக்கோடி, நட்டநடு மட்டும்தான்.

நடுவில் எங்கோ நிற்க வேண்டிய நாப்புக்கு ஒட்டும் பலம் குறைந்த காகித டேப்பை ஒரு மில்லிமீட்டர் கீற்றாக வெட்டி பேனலில் ஒட்டலாம், ஒலிக்கு ஒரு நிறம். நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பசை பேனலில் தங்கும், தேய்க்கும்போது அச்சிட்ட எழுத்தும் சேர்ந்து போகும்.

கொஞ்சம் உழைக்கத் தயாரானால் அட்டை மறைப்பு இன்னும் நல்லது. பேனலின் செங்குத்துப் படத்தை 250 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிட்டு, நாப் இடங்களில் துளை வெட்டி, துளை விளிம்பில் நாப் கோடு நிற்க வேண்டிய இடத்தை மையால் குறித்து, பேனல் மேல் போட்டுவிடுவது. நாப் 20 மில்லிமீட்டர் என்றால் துளை 22. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சத்தமில்லாமல் மூன்று நாலு சதவீதம் சுருக்கிவிடும், முதல் நாப் பொருந்தும், கடைசி வரிசை முட்டும். சில தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே இப்படிப்பட்ட அட்டைகளைப் போட்டுத் தருகிறார்கள்.

கருவிக்கு வெளியே ஒரு மெமரி

கோர்க்கின் வோல்கா கீஸ் சின்தில் ஒலியைச் சேமிக்க முடியாது, ஆனால் மோஷன் சீக்வென்ஸ் நாப் அசைவைப் பேட்டர்னோடு சேமிக்கும். ஒரு சுற்று முழுக்க நாப்பை ஒரே இடத்தில் மிக லேசாக அசைத்துக்கொண்டே பதிவு செய்தால் எல்லா ஸ்டெப்பிலும் அந்த மதிப்பு ஏறிவிடும். சீக்வென்சர் ஓடும்போது மட்டும் பலிக்கும் தந்திரம். மிடி சிசி (நாப் மதிப்பைக் கணினியிலிருந்து சொல்லும் செய்தி) வாங்கிக்கொள்ளும் கருவியில் மதிப்புகளைப் பாட்டின் முதல் தாளத்துக்கு முன்பே கணினியிலிருந்து அனுப்பலாம். சிவி (கட்டுப்படுத்தும் மின்னழுத்தம்) உள்ளீடு மட்டும் இருந்தால் நேர்மின்னோட்டம் கடத்தும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும்: கட்டாஃப் நாப்பை ஒரு கோடியில் நிரந்தரமாக வைத்துவிட்டு, மீதி மின்னழுத்தத்தைக் கணினி தரும்.

தொழிற்சாலையிலிருந்தே மெமரியோடு வந்தவையும் இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டியவைதான். 1977இல் வந்த யமஹா சிஎஸ்-80இல் ஒரு மூடிக்கு அடியில் பேனலின் குட்டி ஸ்லைடர் பிரதிகள் நாலு இருந்தன, அவைதான் மெமரி. அடுத்த ஆண்டு புரோஃபெட்-5 மைக்ரோபிராசசரை வைத்து நாப் மதிப்புகளை எண்ணாக்கிச் சேமித்தது, நாற்பது ஒலிகள். அதிலும் ட்யூன் பட்டன் ஒன்று உண்டு. மெமரியில் இருந்தது மின்னழுத்தம். ஆசிலேட்டர் அந்த மின்னழுத்தத்துக்கு அன்றைக்கு என்ன சுருதி தரும் என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

பாட்டு முடியும் வரை அந்த ஒலி மறுபடி தேவைப்படலாம் என்று சந்தேகம் இருந்தால் அன்றைக்கே சாம்பிள் எடுத்துவிடுவது இன்ஷூரன்ஸ் மாதிரி. மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று வீதம், ஒவ்வொன்றையும் நாலு முறை, கீயை விட்ட பிறகும் ஒலி முழுக்க அடங்கும் வரை. மூன்று ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரம், நாற்பத்தெட்டுப் பதிவு. கிளைடும், ஒட்டி வாசிக்கும்போது என்வலப் தொடங்காமல் இருப்பதும், வாசித்துக்கொண்டே ஃபில்டரைத் திறப்பதும் இதில் வராது. அவை வரும் வரிகளை மட்டும் நேராகவே வாசித்து ஆடியோவாக எடுத்து, அதே புராஜெக்ட் ஃபோல்டரில் தாளோடும் படத்தோடும் போட்டு வையுங்கள்.